இரும்பின் கையெழுத்து

சென்ற திங்கள் நம் சங்கத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி நம்மிடம் வந்து, "மாமா, சூரியனில் இரும்பு இருக்கிறது என்று எங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அங்கே ஒருவரும் போனதில்லையே, பிறகு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நாம் விடை தேடித் தடுமாறுவதற்குள், அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "படித்தவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் அம்மா. நம்ப வேண்டியதுதான்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். குழந்தை மறுபேச்சின்றிச் சென்றாள். ஆனால் அவள் முகத்தில் தோன்றிய ஏமாற்றம் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

நாமோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே எழுத்தர் வேலைக்கு வந்துவிட்டோம். விஞ்ஞானம் கற்றோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. எனினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாது விடுவது கடன் பட்டு ஏமாற்றுவதற்குச் சமம் அன்றோ? ஆகவே கிடைத்த நூல்களைப் படித்து, நமக்கு விளங்கியவற்றை இம்மாதப் பக்கத்தில் எழுதத் துணிந்தோம்.

நம் தில்லி மாநகரின் நடுவே ஜந்தர் மந்தர் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெயசிங் 1724-ஆம் ஆண்டு அமைத்த வானாராய்ச்சிக் கூடம் அது. கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய அந்தப் பெரிய கருவிகளைக் கொண்டு, சூரியன் இந்நேரம் எங்கே நிற்கிறது, இன்ன விண்மீன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் சூரியன் எப்பொருளால் ஆனது என்பதை எத்தனை பெரிய கல் கருவியைக் கட்டினாலும் அறிய முடியாது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை அதுவேதான். பிரெஞ்சு நாட்டுத் தத்துவ ஞானி ஆகஸ்ட் கோம்ட், விண்மீன்களின் இரசாயன அமைப்பை மனிதனால் எந்நாளும் அறிய இயலாது என்று 1835-இல் எழுதினார். அவர் கூற்று பொய்யாவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அது எவ்வாறு பொய்யாயிற்று என்பதற்கான சான்றை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். எரிவாயு அடுப்பு நீல நிறமாக எரிந்துகொண்டிருக்கிறது. உப்புப் போட்ட பருப்பு பொங்கி வழிந்து அடுப்பில் விழுகிறது. உடனே சுவாலை பளிச்சென்று மஞ்சளாக மாறுகிறது. இதைக் காணாத இல்லத்தரசியர் இலர். அம்மஞ்சள் உப்பில் இருக்கும் சோடியம் என்னும் உலோகத்தின் ஒளியாகும். தாமிர உப்பானால் சுவாலை பச்சையாகும். தீபாவளி மத்தாப்பின் பல நிறங்களுக்கும் அடிப்படை இதுவே.

வெறுங்கண்ணுக்கு மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தோன்றும். ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் செலுத்தினாலோ, அது வானவில்லைப் போல் விரிந்துவிடும். இதற்கு நிறமாலை என்று பெயர். சோடியத்தின் ஒளியை அவ்வாறு விரித்தால், மஞ்சள் பகுதியில் இரண்டு மெல்லிய கோடுகள் நெருங்கி நிற்கக் காணலாம். வேறெந்தப் பொருளுக்கும் அதே இடத்தில் அதே இரட்டைக் கோடு வாய்ப்பதில்லை. ஒவ்வொரு தனிமத்தின் அணுவிலும் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில படிகளில் மட்டுமே நிற்கும். படியிலிருந்து படிக்கு இறங்கும்போது அப்படிகளின் இடைவெளிக்கேற்ற நிறத்தை மட்டும் வெளிவிடும். படிகளின் அமைப்பு தனிமத்துக்குத் தனிமம் வேறாதலால், கோடுகளின் வரிசையும் வேறாகிறது. ஒருவர் கையெழுத்து மற்றொருவருக்கு வராதது போன்றது இது.

சூரிய ஒளியின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் குறுக்கே ஓடுவதை ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் 1814-இல் கண்டு, அவற்றை வரைந்து வைத்தார். அவை என்ன என்பது அப்போது விளங்கவில்லை. 1859-இல் கிர்க்காப், பன்சன் என்னும் இருவர் அப்புதிரை விடுவித்தனர். கொதிக்கும் வாயு எந்த நிறங்களை வெளிவிடுமோ, அதே வாயு சற்றுக் குளிர்ந்த நிலையில் ஒளியின் குறுக்கே நின்றால் அதே நிறங்களை விழுங்கிவிடும். சூரியனின் மேற்பரப்பை மூடியுள்ள வாயுக்கள் விழுங்கிய இடங்களே அக்கருங்கோடுகள்.

இங்கேதான் அச்சிறுமி கேட்ட இரும்பு வருகிறது. கிர்க்காப் தம் ஆய்வுக்கூடத்தில் இரும்பை ஆவியாக்கி, அதன் பிரகாசமான கோடுகளைச் சூரியனின் கருங்கோடுகளோடு ஒப்பிட்டார். சுமார் 60 கோடுகள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தின. இது தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடுமா என்றும் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு நாணயத்தை 60 முறை சுண்டி, 60 முறையும் தலையே விழுவதற்கு எவ்வளவு வாய்ப்புண்டோ அவ்வளவே இதற்கும் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே சூரியனில் இரும்பு உண்டு என்பது யாரோ பெரியவர் சொன்னதால் ஏற்றுக்கொண்ட செய்தி அன்று. கையெழுத்தை ஒத்துப் பார்த்து எழுதிய தீர்ப்பு அது.

இந்தப் புதிய கலையில் நம் தென்னாட்டுக்கும் பங்குண்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சனும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத் தலைவர் போக்சனும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்தனர். சூரியனின் விளிம்பில் எழும் செந்தழல்களிலிருந்து மஞ்சள் கோடு ஒன்று வந்தது. அது சோடியத்தின் கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் லாக்கியர், கிரகணம் இல்லாமலே அக்கோட்டைக் கண்டு, அதன் இடத்தை அளந்து, இது புவியில் அறியாத தனிமமாக இருக்கலாம் என்றார். சூரியனின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். 1895-இல் இராம்சே புவியிலேயே ஒரு தாதுப் பொருளிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தார். வீட்டில் இருக்கும் பொருளை விண்ணில் முதலில் கண்டு, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து வீட்டில் தேடிக் கண்டதுபோல் ஆயிற்று.

ஆனால் எல்லாப் புதுக் கோடுகளும் புதுத் தனிமங்கள் ஆகிவிடவில்லை. 1869-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த கிரகணத்தின்போது, சூரியனைச் சுற்றிய வெள்ளிய ஒளிமகுடத்தில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. அறிந்த எப்பொருளோடும் அது பொருந்தவில்லை. இதுவும் புதுத் தனிமமே என்று எண்ணிக் கொரோனியம் என்று பெயரும் வைத்துவிட்டனர். எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஜெர்மனியின் குரோட்ரியனும் சுவீடனின் எட்லேனும் உண்மையை வெளிப்படுத்தினர். அது புதுப் பொருளே அன்று, நமது பழைய இரும்புதான்! இரும்பணுவுக்கு 26 எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றில் சரிபாதியான 13-ஐ இழந்து நிற்கும் இரும்பே அப்பச்சை ஒளியைத் தருகிறது. அத்தனையும் கழன்று போக வேண்டுமானால் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பை விட அடுப்புக்கு மேலுள்ள காற்று இருநூறு மடங்கு சூடாக இருக்கிறது என்பது போன்ற இவ்விந்தையை, ஒரே ஒரு கோடு நமக்குத் தெரிவித்துவிட்டது. அதன் காரணத்தை இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். தவறாக வைத்த பெயரையும் திருத்திக்கொண்டார்கள். விஞ்ஞானத்தில் நாம் மதிக்க வேண்டிய பண்பு இதுவென்று தோன்றுகிறது.

கோடுகள் பொருளை மட்டுமன்றி ஓட்டத்தையும் சொல்லும். ரயில் நிலையத்தில் நிற்காமல் விரையும் வண்டியின் ஊதல், நம்மை நோக்கி வருகையில் உச்சமாகவும், கடந்தபின் தணிந்தும் ஒலிப்பதை யாவரும் கேட்டிருப்போம். ஒளியும் அவ்வாறே. நம்மை நோக்கி வரும் பொருளின் கோடுகள் நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் சற்று நகரும். 1899-இல் சென்னையிலிருந்து கோடைக்கானலுக்குச் சூரிய ஆராய்ச்சி சென்றது. அங்கே 1909-இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் கோடுகளில் இந்நகர்வைக் கண்டு, அப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதனை எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

இனி, தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்புவானேன் என்று கேட்கலாம். தில்லி மூடுபனியில் எதிரே உள்ள சிக்னல் விளக்கே கண்ணுக்குத் தெரியாமல் போவதை நாம் மார்கழி தோறும் காண்கிறோம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், இடையிலுள்ள பனி அதை மறைத்துவிடும். நம் வாயு மண்டலமும் சில ஒளிகளுக்கு நிரந்தர மூடுபனியாகும். எக்ஸ் கதிர்களை அது முற்றும் தடுக்கிறது. புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை ஓசோன் படலம் விழுங்குகிறது. அகச்சிவப்புக் கதிர்களில் பலவற்றைக் காற்றிலுள்ள நீராவி கவர்ந்துகொள்கிறது. அந்நிறங்களில் எழுதிய கையெழுத்தைப் படிக்க வேண்டுமானால் காற்றுக்கு மேலே போயே தீரவேண்டும்.

அவ்வாறு மேலே சென்றவற்றுள் ஒன்று 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. அதன் பெயர் சந்திரா. நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அது. நம்மைப் போல் ஊரை விட்டு வந்த குடும்பங்கள் இதனை ஊன்றிப் படிக்கவேண்டும். சந்திரசேகர் 1910-இல் பிறந்தது தஞ்சையிலும் அன்று, சென்னையிலும் அன்று, லாகூரில். அவர் தந்தையார் வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரி. வேலையின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பம். சிற்றப்பா சர் சி. வி. இராமனும் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர், அப்பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது என்பது அக்கணக்கின் முடிந்த வடிவம். 1935-இல் இலண்டனில் பெரும் விஞ்ஞானி எடிங்டன் அதனைச் சபையறிய மறுத்தார். சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை, கணக்கையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் பட்டுத் திரும்பாது. நேராகப் பட்டால் உள்ளே புகுந்துவிடும். குளத்தில் ஓட்டுச் சில்லைச் சாய்வாக எறிந்தால் அது மூழ்காமல் தத்திச் செல்லும் அல்லவா? அதுபோல, பீப்பாய் வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நான்கு சோடிக் கண்ணாடிகளின் மேல் கதிர் உரசிச் சென்று குவியும்படி சந்திராவை அமைத்திருக்கிறார்கள். குவிந்த கதிரை, மிக நுண்ணிய பொன் இழைகளாலான கீற்றணி ஒன்று நிறம் நிறமாகப் பிரிக்கும். முப்பட்டைக் கண்ணாடியின் வேலையை இங்கே செய்வது இதுவே.

சந்திரா முதன்முதலில் படம் பிடித்து வெளியிட்டவற்றுள் ஒன்று, சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள காசியோப்பியா-ஏ என்னும் வெடித்த விண்மீனின் எச்சம். பெரிய விண்மீன்களின் நடுவே இறுதியில் இரும்புக் கரு திரளும். அது சந்திரசேகர் கண்ட வரம்பைத் தாண்டும்போது நொடியில் உள்நோக்கி இடிந்து விழும். வெளிப்புறம் வெடித்துச் சிதறும். அவ்வெடிப்பின் வெப்பத்தில் மேலும் இரும்பு உண்டாகும். சிதறிய வாயுவின் கோடுகளைச் சந்திரா படித்துச் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: நம் புவியைப்போல் 10,000 மடங்கு எடையுள்ள கந்தகம், 20,000 மடங்கு சிலிக்கன், 70,000 மடங்கு இரும்பு, பத்து லட்சம் மடங்கு பிராணவாயு! நம் தண்டவாளத்து இரும்பும், குழந்தைகளுக்குக் கீரையில் ஊட்டும் இரும்பும், சூரியன் தோன்றுமுன் வெடித்தழிந்த ஏதோ விண்மீன்களிலிருந்து வந்தவையே. அப்பெரும் உண்மைக்கு நேர்ச் சாட்சியாக நிற்கிறது அந்த வாயுத் திரள்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பைப் படிப்பது. புவியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கிறது. சுமார் 700 ஒளியாண்டுத் தொலைவில் வேறொரு சூரியனைச் சுற்றும் வாஸ்ப்-39பி என்னும் கோளின் வாயுவில் கரியமில வாயு இருப்பதை, அக்கோள் தன் சூரியனின் குறுக்கே செல்லும் வேளையில் ஒளியில் விழுந்த பள்ளத்தைக் கொண்டு 2022-இல் அது தெரிவித்தது. 2024-இல் அது உறுதி செய்த அண்டம் ஒன்றின் ஒளி, பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 30 கோடி ஆண்டுகளே ஆனபோது புறப்பட்டதாகும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே வந்தமையால், அவ்வொளியின் அலைநீளம் வழியில் சுமார் 15 மடங்கு நீண்டுவிட்டது. புற ஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. 2025-இல் சிலி நாட்டுப் பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கிகள் அதில் பிராணவாயுவின் கோட்டையும் கண்டன.

இத்தனை நீண்டும் அக்கோட்டைப் பிராணவாயு என்று எப்படி அடையாளம் கண்டார்கள்? கோடுகள் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் நீள்கின்றன. ஒன்றுக்கொன்றுள்ள வரிசையும் விகிதமும் மாறுவதில்லை. நிறம் மாறுகிறது, கையெழுத்து மாறுவதில்லை. ஆகவே ஒன்றின் நீட்சி தெரிந்தால், மற்றொன்று எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொன்ன இடத்தில் அது நிற்கிறதா என்று பார்ப்பதே பரீட்சை.

நம் நாட்டின் முயற்சியையும் சொல்லி முடிப்போம். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. அதுவும் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவே, ஆனால் சூரியனை நோக்கிய திசையில். அத்திட்டத்தை நடத்திச் சென்ற இயக்குநர் நிகார் ஷாஜி அம்மையார் செங்கோட்டையைச் சேர்ந்தவர். அதன் முதன்மைக் கருவி சூரிய வட்டத்தை மறைத்து, ஒளிமகுடத்தை மட்டும் காட்டுவது. 1868-இல் குண்டூரில் சில நிமிடங்களே கிட்டிய கிரகணத்தை நாள்தோறும் உண்டாக்கிக்கொள்ளும் கருவி எனலாம். அதைச் செய்தது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். சென்னையில் தொடங்கிக் கோடைக்கானலுக்குச் சென்ற பழைய ஆராய்ச்சி நிலையத்தின் வழித்தோன்றல் அது. அக்கருவி தேர்ந்து படிக்கும் கோடுகளுள் ஒன்று எது தெரியுமா? 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் அதே பச்சைக் கோடு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய குறுந்தகடு ஒன்று வீட்டில் கிடந்தால், இரவில் அதைச் சாய்த்துப் பிடித்து, குழல் விளக்கின் ஒளி அதில் விரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டுங்கள். ஒன்றில் நிறங்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும், மற்றொன்றில் இடைவெளியின்றிப் படரும். வேறுபாட்டை அவர்களே கண்டு சொல்லட்டும். சூரியனை மட்டும் நேராகவோ தகட்டின் வழியாகவோ பார்க்க விடவேண்டா.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு இரண்டு குறுந்தகடுகளோடு போக எண்ணியிருக்கிறோம். ஒன்று அச்சிறுமிக்கு. மற்றொன்று, நம்பச் சொன்ன அப்பெரியவருக்கு.